இந்தப் பெயர் காலியா? ஐபிஎன்ஐ தளம் பற்றி ஒரு மதிப்புரை

புதுச் செடி ஒன்று கையில் இருக்கிறது. இதுவரை யாரும் இதை விவரித்ததில்லை என்று மனசு சொல்கிறது. இனி பெயர் வைத்து, விவரணை எழுதி, ஆய்விதழுக்கு அனுப்ப வேண்டும். இந்தக் கட்டத்தில் இருக்கிற எவரும் முதலில் திறக்கிற பக்கம் ஐபிஎன்ஐ, அதாவது இன்டர்நேஷனல் பிளான்ட் நேம்ஸ் இன்டெக்ஸ். நான் ஹெர்பேரியத்தில், அதாவது செடிகளைக் காயவைத்துத் தாளில் ஒட்டிச் சேமிக்கிற இடத்தில், வேலை பார்க்கிறவன். காலையில் மின்னஞ்சலைத் திறக்கிறேனோ இல்லையோ, இதைத் திறந்துவிடுவேன். இலவசம். கணக்குத் தொடங்கு என்று சொல்லாது. விளம்பரம் குறுக்கே வராது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பூக்கும் தாவரத்துக்குப் பெயர் வைக்கப் போகிறவருக்கு இதைவிட நம்பகமான சேவை கிடையாது. ஆனால் இதில் தேடுகிற பலரும் இதனிடம் கேட்கக் கூடாத கேள்வியைக் கேட்டுவிட்டு, அது சொல்லாத பதிலை எடுத்துக்கொண்டு போகிறார்கள். மதிப்பெண் கொடுக்கச் சொன்னால் தளத்துக்கு முழு மதிப்பெண். பயன்படுத்துகிறவர்களுக்குக் கொஞ்சம் குறைத்துத்தான் போடுவேன்.

தளம் என்ன செய்கிறது? ஒரு பெயரைத் தட்டினால் அந்தப் பெயரை முதலில் வெளியிட்டவர் யார், எந்தப் புத்தகத்தில் அல்லது இதழில், எந்தத் தொகுதியில், எந்தப் பக்கத்தில், எந்த ஆண்டில் என்று ஒரே வரியில் சொல்லும். புதிய பதிவுகளில் ஹோலோடைப் (அந்தப் பெயருக்கு அடையாளமாக வைத்த ஒற்றை மாதிரிச் செடி) எது, யார் சேகரித்தது, எந்த ஹெர்பேரியத்தில் இருக்கிறது என்பதும் பெரும்பாலும் இருக்கும். ஒவ்வொரு பதிவுக்கும் மாறாத ஓர் அடையாள எண் உண்டு. அவ்வளவுதான். படம் இல்லை, விவரணை இல்லை, செடி எங்கே வளரும் என்ற கதை இல்லை. முதல் தடவை பார்க்கிறவர்கள் "இவ்வளவுதானா?" என்று முகம் சுளிப்பார்கள். பெயர்களுக்கான பதிவேடு என்று நினைத்துப் பார்த்தால் குறை தெரியாது. பத்திரப்பதிவு அலுவலகத்தில் வீட்டின் அழகைப் பற்றி யாரும் விசாரிப்பதில்லையே.

இந்தப் பதிவேட்டின் வேர் பழையது. சார்ல்ஸ் டார்வின் கொடுத்த பணத்தில், லண்டனின் கியூ தாவரவியல் பூங்காவில், தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கரின் மேற்பார்வையில், பெஞ்சமின் டேடன் ஜாக்சன் என்பவர் உட்கார்ந்து தொகுத்த இன்டெக்ஸ் கியூவென்சிஸ்தான் இதன் முதல் பகுதி. அது 1893 முதல் 1895 வரை அச்சாகி வந்தது. அதோடு ஹார்வர்டின் கிரே அட்டைத் தொகுப்பும், ஆஸ்திரேலியாவின் தாவரப் பெயர்த் தொகுப்பும் சேர்ந்து 1999-இல் இணையத்துக்கு வந்ததுதான் ஐபிஎன்ஐ. ஒரு விஷயம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். முதல் இன்டெக்ஸில் எது ஏற்கப்பட்ட பெயர், எது மறுபெயர் (ஏற்கெனவே பெயருள்ள செடிக்கு வைத்த இன்னொரு பெயர்) என்று எழுத்துருவை மாற்றிப் போட்டுக் காட்டியிருந்தார்கள். பின்னால் வந்த இணைப்புத் தொகுதிகளில் அந்தப் பழக்கத்தை விட்டுவிட்டார்கள். தீர்ப்பு சொல்வது நம் வேலை இல்லை, பெயரைப் பதிவதுதான் வேலை என்று ஒதுங்கிக்கொண்டார்கள். இன்றைக்கு இந்தத் தளம் நம்பகமாக இருப்பதற்குப் பெரிய காரணம் அந்த ஒதுங்கல்தான். இரண்டு வல்லுநர்கள் ஒரு செடியைப் பற்றி ஜென்மத்துக்கும் சண்டை போடலாம். 1842-இல் இந்தப் பக்கத்தில் இந்தப் பெயர் வந்தது என்பதில் சண்டை இருக்காது.

இனி அந்தத் தவறான கேள்விக்கு வருவோம். எங்களிடம் பயிற்சிக்கு வந்த ஒரு மாணவர் காசித்தும்பை வகையில் ஒரு செடியைக் கொண்டுவந்தார். ஈரப் பாறையில் ஒட்டி வளர்ந்தது, பூ வெளிர் ஊதா. தளத்தைத் திறந்து, தான் நினைத்திருந்த பெயரைத் தட்டினார். முடிவு எதுவும் வரவில்லை. "சார், ஒண்ணும் வரல சார். அப்ப இது புதுசுதான?" என்றார். "பேரு புதுசுப்பா. செடி புதுசான்னு அது சொல்லலையே" என்றேன். அவருக்குச் சப்பென்று ஆகிவிட்டது. ஆனால் விஷயம் முழுக்க அங்கேதான் இருக்கிறது. பெயர் காலியாக இருக்கிறதா என்ற கேள்விக்கு மட்டும்தான் ஐபிஎன்ஐ பதில் சொல்லும். அந்தச் செடிக்கு இருநூறு வருஷம் முன்னால் வேறு யாரோ வேறு பெயர் வைத்துவிட்டார்களா என்பது தனிக் கேள்வி. அதற்குப் பதில் தேடுவதற்குத்தான் மாதக்கணக்கில் நேரம் போகிறது.

சரி, அந்த முதல் கேள்வியையாவது ஒழுங்காகக் கேட்கிறோமா? அதுவும் இல்லை. நினைத்த பெயரை அப்படியே தட்டிப் பார்த்து, இல்லை என்றதும் எழுந்துவிடுகிறார்கள். தாவரங்களுக்கான சர்வதேசப் பெயரிடல் விதிநூல் அவ்வளவு எளிதில் விடாது. ஒரே பேரினத்துக்குள் குழப்பம் தரும் அளவுக்கு ஒத்திருக்கிற இரண்டு அடைமொழிகள் (சிற்றினப் பெயரின் இரண்டாம் சொல்) வந்தால், எழுத்து வேறுபட்டாலும் அவை ஒரே பெயராகத்தான் கொள்ளப்படும். விதிநூலே எடுத்துக்காட்டுகள் தருகிறது: சைனென்சிஸ் - சினென்சிஸ், சிலானிகா - ஜெய்லானிகா, நேபாலென்சிஸ் - நிபாலென்சிஸ். ஒன்று முன்பே இருந்தால், பின்னால் வருவது பயன்படுத்தக் கூடாத ஒத்தபெயர். ஆகவே தேடும்போது அடைமொழியின் முதல் சில எழுத்துகளை மட்டும் போட்டு, பின்னால் நட்சத்திரக் குறி வையுங்கள். பேரினத்துக்குள் அந்த எழுத்தில் தொடங்கும் எல்லாம் வரிசையாக வரும். கண்ணால் ஓட்டிப் பாருங்கள். முதல் எழுத்தே மாறக்கூடிய பெயரென்றால் இரண்டு விதமாகவும் தேட வேண்டும். தளம் இதைத் தானாகச் செய்யாது. ஒலியில் ஒத்த பெயர்களை எச்சரிக்கிற வசதி ஒன்று இருந்தால் நன்றாக இருக்கும் என்பது என் நீண்ட நாள் ஆசை.

இன்னொன்று. "அந்தப் பெயர் இருக்கிறது, ஆனால் இப்போது யாரும் பயன்படுத்துவதில்லை, நாம் எடுத்துக்கொள்ளலாமா?" என்று கேட்பார்கள். முடியாது. ஒருமுறை முறைப்படி வெளியான பெயர், பிற்பாடு வேறொன்றின் மறுபெயராக ஒதுக்கப்பட்டாலும், அந்தப் பேரினத்துக்குள் அந்த இடத்தை அடைத்துக்கொண்டேதான் இருக்கும். மாறாக, விலங்குகளின் பெயர்களைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. ஈனான்தே என்று ஒரு செடிப் பேரினமும் உண்டு, ஒரு பறவைப் பேரினமும் உண்டு. இரண்டுக்கும் தனித்தனி விதிநூல், தகராறு இல்லை. ஆனால் பூஞ்சைகளும் பாசிகளும் தாவரங்களோடு ஒரே விதிநூலின் கீழ் வருகின்றன. ஐபிஎன்ஐயில் இருப்பவை விதைத் தாவரங்களும் பெரணிகளும் அவற்றின் உறவுகளும்தான். எனவே புதுச் சிற்றினம் மட்டும் என்றால் இந்தத் தளம் போதும். புதுப் பேரினமே உருவாக்கப் போகிறீர்கள் என்றால் இது போதாது. பேரினப் பெயர்களுக்கான இண்டெக்ஸ் நாமினம் ஜெனெரிகோரம், பூஞ்சைகளுக்கான இண்டெக்ஸ் ஃபங்கோரம், பாசிகளுக்கான ஆல்கேபேஸ் மூன்றையும் புரட்டியே தீர வேண்டும். எங்கோ ஒரு கடற்பாசிக்கு அந்தப் பெயர் போயிருந்தால் நம் உழைப்பு வீண்.

தளத்தின் உண்மையான ஓட்டை எது என்று கேட்டால், பழைய துணையினப் பெயர்களும் வகைப் பெயர்களும். இன்டெக்ஸ் கியூவென்சிஸ் 1971 வரைக்கும் பேரினம், சிற்றினம் என்ற அளவோடு நின்றுகொண்டது. அதற்குக் கீழே உள்ள படிநிலைகளைச் சேர்க்கவில்லை. கிரே அட்டைகள் அமெரிக்கக் கண்டங்களின் செடிகளுக்கு அந்தக் குறையை ஓரளவு நிரப்பின. மற்ற பகுதிகளின் செடிகளுக்கு ஓட்டை ஓட்டையாகவே இருக்கிறது. இதில் என்ன ஆபத்து? பெயர் அளவில் பெரிய ஆபத்து இல்லை, ஏனென்றால் ஒரு படிநிலையில் உள்ள பெயருக்கு இன்னொரு படிநிலையில் முன்னுரிமை கிடையாது. ஆனால் செடி அளவில் மானம் போகும். நீங்கள் புதுச் சிற்றினம் என்று கொண்டாடுவதை, நூறு வருஷம் முன்னால் ஒருவர் "இது அந்தச் செடியின் மயிர் அடர்ந்த வகை" என்று ஒரே வரியில் எழுதி, ஸ்பெசிமனும் (காயவைத்த மாதிரிச் செடி) வைத்துவிட்டுப் போயிருப்பார். அந்த வரி ஐபிஎன்ஐயில் வராமல் இருக்கக்கூடும். அதற்கு அந்தப் பகுதியின் செடிகளைத் தொகுத்து எழுதிய பழைய ஃப்ளோரா நூல்களை ஒவ்வொன்றாகத்தான் பார்க்க வேண்டும். குறுக்கு வழி கிடையாது. பழைய பதிவுகள் சிலவற்றில் ஆண்டு விடுபட்டிருக்கும், முதலில் பெயர் வைத்தவரை அடைப்புக்குறிக்குள் காட்டியிருக்கமாட்டார்கள். அதையும் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஐபிஎன்ஐ பதிவிலிருந்து பவோ என்று நாங்கள் சொல்கிற பிளான்ட்ஸ் ஆஃப் தி வேர்ல்ட் ஆன்லைனுக்கு ஒரு தாவல் தாவலாம். 2017-இல் கியூ தொடங்கியது. இங்கேதான் தீர்ப்பு கிடைக்கும்: இந்தப் பெயர் ஏற்கப்பட்டது, இந்தப் பெயர் அதன் மறுபெயர், இந்தெந்தப் பகுதிகளில் உண்டு. ஒரு பேரினத்தில் எத்தனை சிற்றினம், நம் செடிக்குப் பக்கத்துப் பகுதிகளில் எவை என்று பட்டியல் எடுப்பதற்கு மிகவும் வசதி. நானும் அதற்குத்தான் பயன்படுத்துகிறேன். ஆனால் சமீபகாலமாக ஒரு கெட்ட பழக்கம் பரவியிருக்கிறது. ஏற்கப்பட்ட பெயர்களின் பட்டியலை எடுத்து, அவற்றோடு மட்டும் தன் செடியை ஒப்பிட்டு, எதுவும் பொருந்தவில்லை, ஆகவே புதுசு என்று எழுதிவிடுகிறார்கள். மறுபெயர்கள் வரிசையை எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. எனக்கு மதிப்பீட்டுக்கு வருகிற கட்டுரைகளில் நான் முதலில் தேடுவதே இதைத்தான். ஒரு பெயரை யாரோ மறுபெயர் என்று சேர்த்தது ஒரு கருத்து. அந்தக் கருத்து தப்பாக இருந்தால், அந்த மறுபெயருக்குரிய செடிதான் உங்கள் "புதுச்" செடியாக இருக்கும். அப்போது செய்ய வேண்டியது புதுப் பெயர் வைப்பதல்ல, பழைய பெயரை மீட்டுக் கொடுப்பது. அதில் உங்கள் பெயர் செடிக்குப் பின்னால் ஒட்டாது என்பதால் பலருக்கு அதில் ஆர்வம் இருப்பதில்லை, அது வேறு கதை.

மறுபெயர்களைத் துரத்துவதற்கு ஐபிஎன்ஐ செய்கிற பேருதவி, பல பதிவுகளில் இருக்கிற பயோடைவர்சிட்டி ஹெரிடேஜ் லைப்ரரி இணைப்பு. அழுத்தினால் அந்தப் பெயர் முதன்முதலில் அச்சான பக்கமே திறக்கும். ஆறு கோடிக்கு மேற்பட்ட பக்கங்களை ஸ்கேன் செய்து இலவசமாகப் போட்டிருக்கிறார்கள். தாவரப் பெயரிடலுக்கு அடித்தளம் போட்ட சுவீடன் அறிஞர் லின்னேயஸ் 1753-இல் வெளியிட்ட ஸ்பீசீஸ் பிளான்டாரம் தொடங்கிப் பழைய நூல்கள் ஏராளமாக அதில் உண்டு. பூக்கும் தாவரங்களின் பெயர்களுக்கு அந்த நூல்தான் ஆரம்பக் கோடு. முன்பெல்லாம் ஒரு பழைய பக்கத்தின் நகலுக்காகக் கடிதம் போட்டுக் காத்திருந்தவர்களுக்குத்தான் இந்த ஒரு சொடுக்கின் அருமை தெரியும். குறை என்று சொன்னால், எழுத்தை இயந்திரம் வாசித்த பிரதியை நம்பித் தேடக் கூடாது. பதினெட்டாம் நூற்றாண்டு அச்சில் நீண்ட எஸ் எழுத்தை அது எஃப் என்று வாசித்துவிடும். பதிப்புரிமை முடியாத இதழ்கள் பலவற்றின் பின்னாளைய தொகுதிகளும் கிடைக்காது. அப்புறம், திறந்து வாசித்தால் மட்டும் போதுமா? லின்னேயஸ் ஒரு செடியை அடையாளம் காட்டும் சொற்றொடர் பன்னிரண்டு சொல்லைத் தாண்டக் கூடாது என்றவர். அந்த வரியை வைத்துக்கொண்டு இன்றைக்கு எந்தச் செடியையும் உறுதிப்படுத்த முடியாது. லத்தீனும் கொஞ்சம் தெரிய வேண்டும், ஏனென்றால் 1935 முதல் 2011 முடியும்வரை புதுத் தாவரத்தின் விவரணை அல்லது வேறுபாட்டுக் குறிப்பு லத்தீனில் இருந்தே ஆக வேண்டும் என்பது விதி. 2012 ஜனவரி 1 முதல்தான் ஆங்கிலமும் போதும் என்று வந்தது. அதே நாளிலிருந்துதான் அச்சில்லாத மின்பதிப்பும் செல்லும் என்று ஆனது.

சொற்களில் தீராதபோது ஸ்பெசிமனிடம் போக வேண்டும். ஐபிஎன்ஐ பதிவில் ஹோலோடைப் எங்கே என்று சுருக்கக் குறியில் இருக்கும்: கே என்றால் கியூ, பி என்றால் பாரிஸ், என்ஒய் என்றால் நியூயார்க். இப்போது பெரிய ஹெர்பேரியங்கள் தங்கள் தாள்களை உயர் துல்லியத்தில் படமாக்கி இணையத்தில் வைத்துவிட்டன. ஜேஸ்டோர் குளோபல் பிளான்ட்ஸ் என்ற தொகுப்புக்குச் சந்தா வேண்டும், ஆனால் அதில் உள்ள பல தாள்களை அந்தந்த ஹெர்பேரியத்தின் தளத்திலேயே சும்மா பார்க்கலாம். சந்தா கட்டும் முன் அங்கே தேடிவிடுங்கள். இந்தப் படங்களை எடுப்பதற்கென்றே ஒரு கருவி செய்தார்கள், ஹெர்ப்ஸ்கேன் என்று பெயர். சாதாரண ஸ்கேனரில் தாளைக் குப்புறப் போட வேண்டும். போட்டால் காய்ந்த பூ உதிர்ந்துவிடும். அதனால் ஸ்கேனரைத் தலைகீழாக மேலே மாட்டி, தாளைக் கீழிருந்து பஞ்சு மெத்தையோடு உயர்த்துவார்கள்.

படம் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் காசித்தும்பைக்காரர்களுக்கு அது பாதிக் கஞ்சிதான். இந்தப் பூ கண்ணாடித்தாள் மாதிரி மெல்லியது. அழுத்திக் காயவைத்தால் எல்லா இதழும் ஒன்றோடொன்று ஒட்டி ஒரு பழுப்புக் கறையாகிவிடும். ஆனால் சிற்றினத்தைத் தீர்மானிக்கிற குணங்கள் எல்லாம் அந்தக் கறைக்குள்தான் இருக்கின்றன: பக்கவாட்டுப் புல்லி இதழ் இரண்டா நான்கா, கீழ்ப் புல்லி இதழின் வால் எவ்வளவு நீளம், எந்தப் பக்கம் வளைகிறது, இணைந்த அல்லி இதழ்களின் மடல் எப்படிப் பிளந்திருக்கிறது. நான்கு புல்லி இதழ் உள்ளவற்றில் உள் ஜோடி சில சமயம் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. மாணவர் கொண்டுவந்த செடியில் ஒரு பூவை வெதுவெதுப்பான நீரில், சோப்புக் கரைசல் ஒரு சொட்டு விட்டு ஊறவைத்தோம். நுண்ணோக்கியின் கீழ் இரண்டு ஊசிகளால் மெதுவாகப் பிரித்தபோதுதான் உள் ஜோடி தெரிந்தது, பச்சை நிறத்தில் இரண்டு சின்னச் செதில்கள். புதிதாகப் பறித்த பூவில் அதைப் பார்த்திருந்தார், ஆனால் பூவடிச் செதில் என்று நினைத்து விட்டுவிட்டார். இப்போது ஒப்பிட வேண்டிய பழைய ஹோலோடைப்பின் படத்தில் அதைத் தேடிப் பாருங்கள்! முடியாது. தாளின் மூலையில் ஒட்டியிருக்கும் காகித உறைக்குள் உதிர்ந்த பூவும் காயும் இருக்கும். படத்தில் தெரிவதோ மூடிய உறை. ஜோசப் ஹூக்கர் 1911-இல் 94 வயதில் இறக்கும்வரை காசித்தும்பைகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார் என்பதைப் படிக்கும்போது எனக்கு ஆச்சரியமே வருவதில்லை.

அப்போது என்ன செய்வது? ஹெர்பேரியத்துக்கு எழுதி, அந்த உறையைத் திறந்து படம் எடுத்து அனுப்பச் சொல்லலாம், அல்லது தாளைக் கடனாகக் கேட்கலாம். பூவைப் பிரிப்பதற்குத் தனியாக அனுமதி வாங்க வேண்டும், கேட்காமல் ஊசியைத் தொடக்கூடாது. பல இடங்களில் தங்கமான மனிதர்கள் இருக்கிறார்கள், மறுநாளே படம் வந்துவிடும். ஓரிடத்தில் மட்டும் என் கடிதம் கிணற்றில் போட்ட கல்லாகவே கிடக்கிறது, பெயர் வேண்டாம். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளலாம், வரலாற்றில் இதைவிட மோசமெல்லாம் நடந்திருக்கிறது. ஆர்க்கிட் வல்லுநர் ஹைன்ரிக் குஸ்டாவ் ரைஷன்பாக் 1889-இல் இறந்தபோது தன் ஹெர்பேரியத்தை வியன்னாவுக்கு எழுதிவைத்தார், இருபத்தைந்து வருஷம் யாரும் திறக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு. அந்தக் காலத்தில் ஆர்க்கிடுக்குப் பெயர் வைத்தவர்களின் பாட்டை நினைத்துப் பாருங்கள்.

ஸ்பெசிமனை விட்டுவிட்டுப் பட்டியலை மட்டும் நம்பினால் எவ்வளவு நாள் ஒரு செடி ஒளிந்திருக்கும் என்பதற்கு விக்டோரியா பொலிவியானாவே போதும். உலகின் மிகப் பெரிய அல்லி. 2022-இல்தான் புதுச் சிற்றினம் என்று வெளியானது. அதற்கு முன் அதன் ஸ்பெசிமன் கியூவில் 177 வருஷமும், பொலிவியாவின் தேசிய ஹெர்பேரியத்தில் 34 வருஷமும் இருந்திருக்கிறது, விக்டோரியா பேரினத்தின் வேறொரு சிற்றினம் என்ற நினைப்பில். இதுவொன்றும் விதிவிலக்கும் இல்லை. 2010-இல் வெளியான ஓர் ஆய்வின்படி, புதுச் சிற்றினங்களில் 16 சதவீதம்தான் சேகரித்த ஐந்து வருஷத்துக்குள் விவரிக்கப்படுகின்றன. கிட்டத்தட்ட கால் பங்குக்கு, விவரிக்கும் நேரத்தில் ஐம்பது வருஷத்துக்கும் பழைய ஸ்பெசிமன் சம்பந்தப்பட்டிருக்கும். மறுபக்கம் ட்ரோசெரா மாக்னிஃபிகா போலவும் நடக்கும்: பிரேசிலின் ஒரு மலையில் எடுத்த புகைப்படம் ஃபேஸ்புக்கில் வர, அதைப் பார்த்த வல்லுநர்கள் துள்ளிக் குதித்து, 2015-இல் புதுப் பூச்சியுண்ணித் தாவரமாக வெளியிட்டார்கள். ஆனால் புகைப்படத்தை வைத்து அல்ல. மலைக்குப் போய்ச் செடியைச் சேகரித்த பிறகுதான்.

ஐபிஎன்ஐயை இன்னொரு விதமாகவும் பயன்படுத்தலாம், இதை அதிகம் பேர் சொல்வதில்லை. பதிவுகளில் சில பெயர்களுக்குப் பின்னால் "முறைப்படி வெளியாகவில்லை" என்ற பொருளில் நாம். இன்வால். என்று ஒரு குறி இருக்கும், பக்கத்தில் சில சமயம் காரணமும் எந்த விதி என்பதும். அவற்றை வரிசையாகப் படியுங்கள். விதிநூலை நேராகப் படிப்பதைவிட இதில் சீக்கிரம் புரியும். 1958 முதல் டைப் (பெயருக்கு ஆதாரமான மாதிரி) எது என்று காட்டாத பெயர் செல்லாது. 1990 முதல் ஹோலோடைப் அல்லது டைப் என்ற சொல்லையே எழுத வேண்டும், அது வைக்கப்பட்டிருக்கிற ஒரு ஹெர்பேரியத்தின் பெயரையும் சொல்ல வேண்டும். அழகான படம், அருமையான விவரணை, டிஎன்ஏவை வைத்து வரைந்த உறவு மரம் எல்லாம் இருந்தும், இந்த ஒரு வரி விட்டுப்போனதால் பெயர் பிறக்காமலே போன கட்டுரைகள் உண்டு. டிஎன்ஏ கட்டாயமே இல்லை என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். பெயர் செல்லுபடியாவதற்கு விதிநூல் கேட்பது விவரணையோ வேறுபாட்டுக் குறிப்போ, டைப், முறையான வெளியீடு. மீதியெல்லாம் உங்கள் வாதத்தை வலுப்படுத்தத்தான்.

ஆசிரியர் பெயர்ச் சுருக்கங்களுக்கும் இதே தளம்தான். எல். என்று தனியாக நின்றால் லின்னேயஸ். ஹூக். என்றால் அப்பா வில்லியம் ஹூக்கர், ஹூக்.எஃப். என்றால் மகன் ஜோசப். அந்த ஒற்றை எழுத்தை விட்டால் மகனின் செடியை அப்பாவுக்குக் கொடுத்துவிடுவோம். ஆசிரியர் தேடலில் போட்டால் சரியான சுருக்கம் கிடைக்கும். முதன்முறை பெயர் வைக்கிறவருக்குப் புதுச் சுருக்கமும் இங்கேதான் முடிவாகும். முன்கூட்டியே எழுதிக் கேட்டுவிட்டால் கட்டுரையில் தப்பு வராது.

பாதுகாப்பு நிலையைக் கணிக்கக் கூடவே ஜியோகேட் என்ற கியூவின் கருவியையும் பலர் திறப்பார்கள். புள்ளிகளைப் போட்டால் பரவல் எல்லையும், இரண்டுக்கு இரண்டு கிலோமீட்டர் கட்டங்களில் வாழிடப் பரப்பும் கணக்கிட்டுத் தரும். வேலை சுத்தம். ஆனால் ஒரே இடத்தில் கிடைத்த செடிக்கு நான்கு சதுர கிலோமீட்டர் என்று அது காட்டியதும், பத்துக்குக் கீழே இருக்கிறது, ஆகவே மிக அருகிய இனம் என்று எழுதிவிடுகிறார்கள். அருகிவரும் இனங்களைத் தரம் பிரிக்கிற சர்வதேச அமைப்பான ஐயுசிஎன் வைத்திருக்கும் அளவுகோலில் பரப்பு மட்டும் போதாது. தொடர்ந்து குறைகிறது, துண்டு துண்டாகச் சிதறியிருக்கிறது என்பது போன்ற துணை நிபந்தனைகளில் குறைந்தது இரண்டு பொருந்த வேண்டும். பக்கத்துக் குன்றில் யாரும் தேடவே இல்லை என்றால் "தரவு போதாது" என்பதே நேர்மை.

மாணவரின் செடி என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். ஒப்பிட வேண்டிய பெயர்களில் ஒன்றைத் தவிர எல்லாவற்றையும் பார்த்தாயிற்று. மிச்சமிருக்கும் ஒன்று ஒரு மறுபெயர். அதன் தாள், முன்னால் சொன்ன அந்தப் பதில் வராத இடத்தில் இருக்கிறது. அது முடியாமல் கட்டுரை போகாது என்று சொல்லிவிட்டேன். அவருக்கு வருத்தம்தான்.

வெளியான பிறகு என்ன என்பதையும் சொல்லிவிடுகிறேன். பூஞ்சைகளுக்கு 2013 முதல் பெயரை முன்பதிவு செய்து எண் வாங்குவது கட்டாயம். தாவரங்களுக்கு அப்படி இல்லை. ஐபிஎன்ஐயில் ஏறுவதற்கும் பெயர் செல்லுபடியாவதற்கும் சம்பந்தம் கிடையாது. எனவே கட்டுரை வந்த மறுநாள் தளத்தில் உங்கள் செடி இல்லையென்றால் பதற வேண்டாம். ஃபைட்டோகீஸ் போன்ற சில இதழ்கள் தாங்களே விவரத்தை அனுப்பிவிடுகின்றன. மற்ற இதழ்களில் வந்தவை ஏறக் கொஞ்சம் தாமதமாகும். அதிகம் பேர் பார்க்காத இதழ் என்றால் கட்டுரையின் பிரதியை நீங்களே அனுப்பிவிடுங்கள். ஏறியதும் பதிவைத் திறந்து, பக்க எண்ணும் ஹோலோடைப் எண்ணும் அடைமொழியின் விகுதியும் சரியா என்று பாருங்கள். பேரினப் பெயர் லத்தீன் இலக்கணப்படி பெண்பால் என்றால் விகுதியும் அதற்குப் பொருந்த வேண்டும். பொருந்தாததைத் தொகுப்பாளர்கள் விதிப்படி திருத்திப் பதிவார்கள், அதற்குக் கோபித்துக்கொள்ளக் கூடாது. அவர்கள் பக்கத்தில் தப்பு இருந்தால் எழுதிப் போடுங்கள். நான் எழுதியவற்றுக்கெல்லாம் ஒரு மனிதர் கைப்பட எழுதிய பதில் வந்திருக்கிறது, திருத்தமும் நடந்திருக்கிறது.